கேமராப் பெட்டிகளுக்குக் காவல்

பாலிசியின் தலைப்பில் 'வெளிநாட்டில் படப்பிடிப்பு' என்று இருந்தது. மானேஜர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "வெளிநாடுன்னா எதுய்யா?" என்று கேட்டார். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், முக்கொம்பு என்று போட்டிருந்தது. மூன்றுமே எங்கள் ஆபீசிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய இடங்கள்.

"அட, நாமதான் வெளிநாடா!" என்றார் மானேஜர். அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது.

இது அறுபதுகளின் நடுவில் நடந்தது. நான் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் இருந்த இன்சூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்ட் கிளார்க். பஞ்சு கோடவுன், ரைஸ் மில், லாரி, மலைக்கோட்டையைச் சுற்றியிருந்த ஜவுளிக் கடைகள், இவைதான் எங்கள் உலகம். எரிந்தால் என்ன, கவிழ்ந்தால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். சினிமா கேமராவை இன்சூர் செய்வார்கள் என்பதே அன்றுவரை தெரியாது.

ஹாலந்திலிருந்து இரண்டு பேர் காவேரியைப் படம் பிடிக்க வருகிறார்கள். அவர்களுடைய சாமான்களை அந்த ஊர்க் கம்பெனி ஒன்று இன்சூர் செய்திருக்கிறது. இங்கே மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு, எங்கள் மெட்ராஸ் ஹெட் ஆபீஸ் வழியாக எங்கள் தலையில் விழுந்தது. கூடவே நிபந்தனைகள். மொத்தம் முப்பத்தெட்டு உருப்படி. எல்லாவற்றையும் கம்பி ஜன்னல் வைத்த, பூட்டக்கூடிய அறையில் வைக்க வேண்டும். ஆளில்லாத வண்டியில் ஒரு நிமிடம்கூட விடக்கூடாது. பெட்டிகளைத் திறக்கும்போதும் மூடும்போதும் கம்பெனியின் பிரதிநிதி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆபீசில் இருந்தது மூன்று பேர். மானேஜர் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"தம்பி, நீ போ. உனக்குத்தான் இங்கிலீஷ் வரும்."

"ஐயா, நான் கேமராவைத் தொட்டதுகூட இல்லீங்க."

"தொடாத. யாரும் தொடாம பாத்துக்கத்தான் உன்ன அனுப்பறேன்."

வந்தவர்களில் டைரக்டர் ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். ஆண்கள் போடுகிற சட்டை, பெரிய ஓலைத் தொப்பி, உரத்த குரல். இன்னொருவர் கேமராமேன். இளைஞர், ஆறடிக்கு மேல் உயரம். வெயில் பட்ட இரண்டாம் நாளே தக்காளி நிறத்துக்கு வந்துவிட்டார். இருவரும் கண்டோன்மெண்டில் ஒரு பங்களாவில் தங்கினார்கள். ஆனால் படம் பிடிக்கப் போவதோ பொழுது விடிகிற நேரத்தில், ஸ்ரீரங்கத்து ஆற்றங்கரையில். தினமும் முப்பத்தெட்டு உருப்படிகளையும் பாலம் தாண்டிக் கொண்டுபோவது ஆபத்து என்று மானேஜர் நினைத்தார். அம்மா மண்டபம் சாலையில் அவருக்குத் தெரிந்த ஒரு ரிட்டயர்டு ரயில்வேக்காரர் வீடு இருந்தது. அங்கே கம்பி ஜன்னல் வைத்த அறை ஒன்று உண்டு என்று சொல்லி அனுப்பினார்.

அறை இருந்தது உண்மை. அது அந்த வீட்டு மாமியின் பண்ட அறை. அரிசி மூட்டை, புளிப் பானை, வரிசையாக ஊறுகாய் ஜாடிகள். வீட்டுக்காரர் எங்களைக் கண்டதும், "வாங்கோ, வாங்கோ" என்று சொன்னார். மனைவி உள்ளேயிருந்து வருவதைப் பார்த்ததும் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

மாமி பெட்டிகளை எண்ணினாள். "இத்தனையுமா? அதுவும் தோல் பெட்டி! பெருமாளே!"

"பெஞ்சு போட்டு அதுமேல வச்சுடறேங்க. உங்க சாமான் எதுமேலயும் படாது."

"காலை அலம்பிண்டு உள்ளே வரணும். அந்தத் துரைசானியும் அலம்பணும். ஊறுகாய் ஜாடிப் பக்கம் யாரும் போகப்படாது."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு தயங்கித் தயங்கி, சாவி என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருப்பதைச் சொன்னேன்.

"நன்னாருக்கே! எங்காத்து அரிசியை எடுக்க உங்கிட்ட சாவி கேட்டுண்டு நிக்கணுமா?"

கடைசியில் இரண்டு பூட்டு போட்டோம். ஒன்றின் சாவி மாமியிடம், ஒன்றின் சாவி என்னிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். கேமராவுக்கு இதைவிடப் பத்திரமான ஏற்பாடு ஹாலந்தில்கூட இருந்திருக்காது. ஆனால் அரிசி, புளி, மிளகாய் எல்லாமே அதே ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டன. தினமும் விடியற்காலை நான் உறையூரிலிருந்து சைக்கிளில் வந்து என் பூட்டைத் திறந்தால்தான் மாமி அன்றைய தளிகைக்குச் சாமான் எடுக்க முடியும். ஒரு நாள் டயர் பஞ்சராகி முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தேன். அன்று முழுக்க அந்த வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

டைரக்டர் அம்மாளுக்கு என் பெயர் வாயில் நுழையவில்லை. 'மிஸ்டர் இன்சூரன்ஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் பூ விற்கிறவர்கள், முடி வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் நான் 'இன்சூரன்ஸ்' ஆகிவிட்டேன். "இன்சூரன்ஸ், இந்தப் படத்துல எனக்கு ஒரு வேஷம் வாங்கிக் குடுங்க" என்று பின்னாலேயே வருவார்கள். இது ஆற்றைப் பற்றிய படம், இதில் வேஷம் கிடையாது என்றால் நம்பமாட்டார்கள். "ஆறு மட்டும் எப்படிங்க நடிக்கும்?" என்று ஒருவர் கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

ஆடிப்பெருக்கு அன்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. படித்துறையில் கால் வைக்க இடமில்லை. கேமராமேன் கேமராவோடு கூட்டத்துக்குள் புகுந்துவிட்டார். நான் மிச்சப் பெட்டிகளை மண்டபத்துத் தூண் ஓரமாக அடுக்கி, ஈரம் படாமலிருக்க ஒரு புது மஞ்சள் துணியைப் போர்த்தி, குடையோடு பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெண்கள் வந்து பெட்டிகளைப் பயபக்தியோடு பார்த்தார்கள். ஆற்றில் விடக் கொண்டு வந்திருந்த காதோலை கருகமணியில் பாதியைத் துணிமேல் வைத்து, குங்குமமும் இட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "இது சாமி இல்லீங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர்களுக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது முப்பத்தெட்டு உருப்படியும் சரியாக இருந்தன. தேங்காய் நான்கு அதிகம்.

இப்படியே மூன்று வாரம் ஓடியது. ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது டைரக்டர் அம்மாள் முக்கொம்புக்குப் போக வேண்டும் என்றார். போனோம். கரையில் நின்று கொஞ்ச நேரம் எடுத்தார்கள். பிறகு அவர் ஆற்றில் ஒரு பரிசலைப் பார்த்துவிட்டார். கேமராவோடு அதில் ஏறி, தண்ணீர் மட்டத்திலிருந்து மதகுகளை எடுக்க வேண்டுமாம்.

பாலிசியில் தண்ணீரைப் பற்றி ஒரு வரி இருப்பது நினைவுக்கு வந்தது. பையிலிருந்த பாலிசி நகலை எடுத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த பொதுப்பணித் துறை பங்களாவுக்கு ஓடி, கெஞ்சிக் கூத்தாடி, போனில் மானேஜரைப் பிடித்தேன்.

"தண்ணியில மிதக்கறதுல வச்சு எடுத்தா கம்பெனி பொறுப்பில்லன்னு போட்டிருக்குங்க."

"மிதக்கறதுன்னா? சரியா வாசி."

"கப்பல், படகு, தெப்பம்."

"பரிசல்னு இருக்கா?"

"இல்லீங்க."

"பரிசல எதுல செய்யறாங்க?"

"மூங்கில்ல முடையறாங்க. அடியில தோல் போட்டுத் தார் பூசறாங்க."

"முடையறாங்கன்னா அது கூடை, தம்பி" என்றார் மானேஜர். "கூடையில வச்சு எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு பாலிசில எங்கயும் இல்ல. ஏறச் சொல்லு. நீயும் கூட ஏறு."

ஏறினேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் கேமராவைப் பற்றித்தான் கவலையாக இருந்தது. ஒரு கயிறு வாங்கி, ஒரு நுனியைக் கேமராவிலும் மறு நுனியை என் இடுப்பிலும் கட்டினேன். பரிசல்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா, எதுக்குங்க இந்தக் கயிறு?"

"கேமரா தண்ணிக்குள்ள போயிடக் கூடாதுல்ல."

"அது விழுந்தா நீங்க புடிச்சு நிறுத்திடுவீங்களா? இல்ல, அது கூப்பிட்ட இடத்துக்கு நீங்களும் போயிடுவீங்களா?"

கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

பரிசல் கிளம்பியதும் சுற்ற ஆரம்பித்தது. மதகு வந்தது, மரம் வந்தது, கரையில் ஓலைத் தொப்பியோடு டைரக்டர் அம்மாள் வந்தார், மறுபடி மதகு வந்தது. கேமராமேன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு படம் பிடிக்கப் பார்த்தார். கரையிலிருந்து அம்மாள், "சுற்றாமல் நில்லுங்கள்!" என்று கத்தினார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"பரிசல் சுத்தாம எப்படிங்க போவும்? இது என்ன பஸ்ஸா?" என்றார் பரிசல்காரர்.

அரை மணி நேரம் சுற்றிய பிறகு கரைக்குத் திரும்பினோம். கேமராமேனுக்கு மயக்கமாக வந்துவிட்டது. லென்ஸுக்கு முன்னால் இருந்த எதையோ கழற்றிவிட்டு, கேமராவை என் கையில் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று வாரத்தில் நான் அதைக் கையில் தூக்கியது அதுதான் முதல் தடவை. நல்ல கனம். கரை பக்கத்தில்தான் இருந்தது. கணுக்கால் அளவு தண்ணீர்தான் என்று நினைத்துக் காலை எடுத்து வெளியே வைத்தேன். கால் போய்க்கொண்டே இருந்தது.

மார்பளவில் தரை தட்டியது. கேமராவை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றேன். பரிசல்காரர் பரிசலில் இருந்தபடியே எட்டி முதலில் கேமராவை வாங்கிக்கொண்டார், பிறகு என்னை இழுத்தார். கேமராவில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை. டைரக்டர் அம்மாள் என் தோளில் தட்டி, "நீங்கள் வீரர்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. சட்டைக்குள் இடுப்பில் செருகியிருந்த காகிதக் கட்டு நினைவுக்கு வரும்வரை.

அது உருப்படிகளின் லிஸ்ட். மெட்ராஸில் இறங்கியபோது கஸ்டம்ஸ்காரர்கள் முத்திரை குத்திக் கொடுத்தது. ஹாலந்துக்காரர்கள் கையில் இருந்தால் தொலைத்துவிடுவார்கள் என்று முதல் நாளே நான் கேட்டு வாங்கி என்னிடம் வைத்திருந்தேன். தண்ணீர் பட்டால் மையாகக் கரைகிற காப்பியிங் பென்சிலால் எழுதியது. வெளியே எடுத்தபோது எல்லாப் பக்கமும் ஒரே கத்தரிப்பூ நிறமாக இருந்தது. ஓர் எழுத்து மிச்சமில்லை. அந்த லிஸ்ட் இல்லாமல் ஒரு திருகாணியைக்கூட ஊருக்குத் திரும்பக் கொண்டு போக முடியாது.

மறுநாள் காலை மானேஜர் ஹெட் ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டார். அங்கே இருந்த நகலை ஒருவர் வாசிக்க வாசிக்க நான் எழுத வேண்டும். போனில் கடல் இரைவது போல ஒரு சத்தம். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை எக்ஸ்சேஞ்ச் பெண் குறுக்கே வந்து "இன்னும் பேசறீங்களா?" என்று கேட்பாள். நீளமான வர்ணனை எல்லாம் வேண்டாம், பெயரும் எண்ணும் மட்டும் போதும் என்று மானேஜர் சொல்லிவிட்டார். அப்படித்தான் இருபத்துமூன்றாம் உருப்படி, 'தோல் பை ஒன்று, உள்ளே ஃபில்டர் ஆறு' என்று என் தாளில் ஏறியது. இந்தப் புதிய லிஸ்ட்டை ஏற்கத் திருச்சி விமான நிலையத்துக் கஸ்டம்ஸ் அதிகாரியும் சம்மதித்தார். ஆனால் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார்ப்பேன், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் விமானம் ஏறாது என்றார்.

மத்தியானம் ஸ்ரீரங்கத்துக்கு ஓடினேன். மாமி கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, முந்தானையிலிருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். "இன்னிக்கு ஒரு நாள் ரெண்டையும் நீயே வச்சுக்கோ. மூணு வாரமா பாத்துண்டிருக்கேன், நீ நல்ல பையன்தான்."

நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். இருபத்துமூன்றாம் உருப்படியான தோல் பையை அதுவரை வெளியிலிருந்துதான் எண்ணியிருக்கிறேன். திறந்தேன். வட்ட வட்டமாக நிறக் கண்ணாடிகள். ஐந்துதான் இருந்தன. மறுபடி எண்ணினேன், ஐந்து. கேமராமேன் லென்ஸ்களைத் துடைத்து வைத்திருந்த பெஞ்சில் தேடினேன். அங்கே லென்ஸ்களுக்கு நடுவில், குழாய் மாதிரி ஒரு பித்தளைச் சாமான் நின்றது. அதன் அடியில் பொடிப் பொடியாக ஓட்டைகள். விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் காபித்தூளைத் தண்ணீரில் கொதிக்கவிட்டுத் துணியில் வடிகட்டுவார்கள். திருச்சிக்கு வந்த பிறகு ஹோட்டலில்தான் குடித்தேன். டம்ளரில் வருவது எதிலிருந்து வருகிறது என்று எட்டிப் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பித்தளையைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி தவிர வேறொன்றும் தோன்றவில்லை. ஆறாவது கிடைத்துவிட்டது. விளிம்பிலிருந்த எழுத்துகளை வரிசை எண் என்று லிஸ்ட்டில் குறித்தேன். தோல் பைக்குள் அது நுழையவில்லை. லென்ஸ் பெட்டியில் துணி சுற்றி வைத்து மூடினேன்.

மறுநாள் காலை விமான நிலையம். கொழும்பு விமானத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கஸ்டம்ஸ் அதிகாரி நிதானமான மனிதர். ஒவ்வொன்றாக எடுத்து, பார்த்து, டிக் அடித்துக்கொண்டே வந்தார். துணியைப் பிரித்ததும் அவர் கை நின்றது.

"இது என்னங்க?"

"ஃபில்டர் சார். லிஸ்ட்ல இருக்கு பாருங்க, மொத்தம் ஆறு."

"இது எதுக்கு?"

கேமராமேன் என்றோ ஒரு நாள் மஞ்சள் கண்ணாடியைக் காட்டிச் சொன்னது நினைவுக்கு வந்தது. "இதப் போட்டு எடுத்தா வானத்துல மேகம் நல்லா விழுமாம் சார்."

அவர் அதைக் கண்ணில் வைத்து ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். "எங்க வீட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. நாங்க மேகம் எடுக்கறதில்ல" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டைரக்டர் அம்மாளும் கேமராமேனும் அந்தப் பித்தளையை எட்டிப் பார்த்தார்கள். கேமராமேன் முகம் இன்னும் சிவந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. பளிச்சென்ற நாமத்தோடும் வேர்த்த முகத்தோடும் மாமியின் கணவர் இறங்கினார். கையில் ஒரு பித்தளைப் பாத்திரம்.

மூன்று வாரத்தில் அவர் என்னோடு பத்து வார்த்தை பேசியதில்லை. நேராக மேஜைக்கு வந்து அதிகாரியைக் கும்பிட்டார். "ஸ்வாமி, இது கீழ்ப் பாதி. மேல் பாதி உங்க கையில இருக்கு. சேர்த்துப் பாருங்கோ."

அதிகாரி மேல் பாதியைக் கீழ்ப் பாதிமேல் வைத்தார். டக்கென்று உட்கார்ந்தது.

"ஓரத்துல இருக்கறது என் மாமனார் இனிஷியல். எங்காத்துல கார்த்தாலேருந்து காபி இல்ல. ஆம் பூரா தேடியாச்சு, உங்க பெட்டிகளோடதான் போயிருக்கும்னா ஆத்துக்காரி; இது இல்லாம திரும்பி வரப்படாதுன்னுட்டா."

முற்றத்தில் வெயிலில் கவிழ்த்து வைத்திருந்ததை, லென்ஸை நிறுத்தி வைக்க வாகாக இருக்கிறதென்று எடுத்து வந்தவர் கேமராமேன்தான். அவரே ஒப்புக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. "அப்படின்னா உங்க லிஸ்ட்ல ஒண்ணு குறையுது" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். கேமராமேன் மட்டும் எதையோ யோசித்தபடி தன் சட்டைப் பையைத் தடவினார். முக்கொம்பில் மயக்கம் வந்தபோது லென்ஸிலிருந்து கழற்றியது, அந்த மஞ்சள் கண்ணாடி, இன்னும் அந்தப் பைக்குள்ளேயே இருந்தது. இரண்டு நாளாக அதே சட்டையைத்தான் போட்டிருந்தார்.

டைரக்டர் அம்மாள் தன் மொழியில் அவரிடம் ஒரு நிமிடம் விடாமல் பேசினார். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. "எனக்கு முழுசா புரியுது" என்றார் அதிகாரி. கடைசி டிக்கை அடித்து முத்திரை குத்தினார்.

விமானம் கிளம்பிய பிறகு மாமியின் கணவரோடு அதே டாக்ஸியில் ஸ்ரீரங்கம் போனேன். மன்னிப்பு கேட்காமல் ஆபீசுக்குப் போக மனம் வரவில்லை. மாமி ஃபில்டரை வாங்கிப் புளி போட்டுத் தேய்த்தாள், அலம்பினாள், மறுபடி தேய்த்தாள். நான் பண்ட அறையில் என் பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன்.

"எங்கே போறே? உக்காரு" என்றாள். "காபி எப்படி இறங்கறதுன்னு பாத்துட்டுப் போ. நாளைக்கு நாலு பேர் கேட்டா சொல்லத் தெரியணுமோல்லியோ?"

அடுக்களை வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். சொட்டுச் சொட்டாக இறங்க இருபது நிமிடம் ஆனது. அதற்குள் மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்த எல்லாவற்றையும் மாமி சொல்லி முடித்தாள். காபி பிரமாதமாக இருந்தது.

சேதம் ஒன்றுமில்லை என்று ஹெட் ஆபீசுக்கு ரிப்போர்ட் எழுதினோம். பத்து நாள் கழித்து ஒரு கேள்வி வந்தது. சாமான்கள் நனையவில்லை என்கிறீர்கள், லிஸ்ட் மட்டும் நனைந்தது எப்படி, விளக்கவும். மானேஜர் அந்தக் கடிதத்தை இரண்டு நாள் மேஜையிலேயே வைத்திருந்தார். கூடையைப் பற்றி எழுதலாமா என்று ஒரு தரம் கேட்டுவிட்டு, அவரே வேண்டாம் என்றார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"உண்மையவே எழுதிடு, தம்பி."

டைப் அடித்தேன். 'எங்கள் பிரதிநிதி தண்ணீருக்குள் இருந்தார். சாமான்கள் அவர் தலைக்கு மேல் இருந்தன. லிஸ்ட் அவர் இடுப்பில் இருந்தது.'

மானேஜர் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மெட்ராஸிலிருந்து மறுகேள்வி வரவில்லை.